திருப்பணிக்கு முன்னால்

வில்லியனூர்த் தேரோட்டத்துக்கு ஆளுநர் வந்து வடம் பிடிப்பார். பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது கவர்னர் பிடித்த வடம் அது. ஆட்சி மாறியது, வழக்கம் மாறவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் வருகிறார். அந்த நாளில் தேரோடும் வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. நாங்கள் போனது தை மாதத்துக் காலை. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் பத்துக் கிலோமீட்டர்தான், பேருந்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் கோபுரம் தெரிந்துவிட்டது. தேர் நிலையில் நின்றது. பூக்காரம்மா ஒருவர் சாமந்தியை அளந்துகொண்டிருந்தார்.

என்னுடன் வந்தவர் தொல்பொருள் பாதுகாப்பாளர். பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். வேதியியலில் பட்டம் வாங்கியதும் சொந்தக்காரர்கள் மருந்துக் கம்பெனி வேலையைக் காட்டியிருக்கிறார்கள். இவர் டில்லிக்குப் போய்ப் பழம்பொருள் பாதுகாப்பில் முதுகலை படித்தார். செப்புத் திருமேனி, ஓலைச்சுவடி, கல், சுவரோவியம் எதுவானாலும் என்ன நோய் என்று கண்டுபிடித்து மருந்திடுவது தொழில். தோள்பையில் ஒரு டார்ச், உருப்பெருக்கிக் கண்ணாடி, மென்மயிர்த் தூரிகைகள், பஞ்சு, அமிலத்தன்மை பார்க்கும் தாள், ஒரு தடித்த நோட்டு. நோட்டுதான் முக்கியம் என்பார். பிறந்த மண்ணில் என்னென்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் விடுமுறை நாட்களில் சுற்றிக் குறித்துவருகிறார். யாரும் கேட்டுச் செய்யும் வேலை இல்லை. நானும் சேர்ந்துகொண்டேன்.

திருக்காமீசுவரர் கோயிலுக்குள் மற்றவர்கள் வலம் வர, இவர் நின்று நின்று வந்தார். சாமி கும்பிட்டுவிட்டு நேரே கருவறைப் புறச்சுவரின் அடிவரிசைக்குப் போய்க் குனிந்துவிட்டார். கல் வரிசைகளுக்கு இடையிலான மூட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். பொதுவாக நம் கோயில்களில் என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

"கல்லுக்கு எதிரி தண்ணியும் உப்பும்தாண்ணா. பழைய சுண்ணாம்புச் சாந்து மூச்சு விடும். உள்ள போன ஈரம் மூட்டு வழியா வெளிய வந்துடும். அதை வெட்டி எடுத்துட்டு சிமென்ட் வச்சு அடைக்கிறாங்க. இப்ப ஈரம் எங்க போவும்? கல்லு வழியாவோ சுதை வழியாவோதான் வரணும். வரும்போது உப்பையும் கூட்டிட்டு வரும்."

அந்த உப்பு மேற்பரப்புக்குச் சற்று உள்ளே படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும். இடத்துக்காக அது முன்னால் இருக்கும் பொருளைத் தள்ளுகிறது. செதில் செதிலாக உதிர்கிறது. கருங்கல் நெடுநாள் தாங்கும். கோபுரத்தின் மேல்நிலைகளில் இருக்கும் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும் தாங்காது. அதன்மேல் எனாமல் பெயிண்டை ஏற்றினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, சுதை வேகமாகச் சாகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பை அரைத்துப் பூசிய கொத்தனார்கள் இந்த வேதியியலைப் பெயர் சொல்லாமல் அறிந்து வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது நம் வழக்கம். அந்தப் பன்னிரண்டாம் ஆண்டுதான் ஒரு பழங்கோயிலின் வாழ்க்கையில் மிக ஆபத்தான ஆண்டு என்று இவர் சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பக்தியோடு, ஊர் கூடிப் பணம் திரட்டிச் செய்யும் காரியம் அது. ஆனால் உண்மையைப் பேச வேண்டும். கல்வெட்டுள்ள தரையைப் பெயர்த்துவிட்டு கிரானைட் பலகை போட்டிருக்கிறார்கள். சுவரோவியத்தின்மேல் வெள்ளையடித்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கொடியது மணல் பீய்ச்சுவது. எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய சுண்ணாம்பையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று, அழுத்தக் காற்றில் மணலைக் கலந்து கல்மீது அடித்தார்கள். பிசுக்கு போனது. கூடவே கல்லின் மேல்தோலும் போனது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வெட்டிய எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். எழுத்து மழுங்கிப் படிக்க முடியாமலானது. சொரசொரப்பான கல்லில் அழுக்கு முன்னைவிட விரைவாகவும் படியும். தமிழ்நாட்டில் இதற்குத் தடை வந்தது. தடைக்கு முன் போன எழுத்துகள் போனவைதான். 2021 சூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பழங்கோயில்களையும் சின்னங்களையும் காப்பது பற்றி 75 கட்டளைகளை இட்டது. பாதுகாப்பு அறிந்தவர்களைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஒவ்வொரு கோயிலின் திருப்பணிக் குழுவும் அதைப் படித்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டால் போதும்.

பாதுகாப்பாளர் இல்லாமலேயே நம்மிடம் ஒரு பாதுகாப்பு மரபு இருந்தது என்பதையும் அங்கே நின்றுதான் கேட்டேன். மூலவரைப் பீடத்தோடு சேர்க்கும் அட்டபந்தன மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, காவிக்கல், எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் உரலில் இட்டு நாட்கணக்கில் இடிப்பார்கள். இறுகினாலும் உள்ளே கொஞ்சம் நெகிழ்வு இருக்கும். அபிடேக நீர் பீடத்துக்கு அடியில் இறங்காமல் தடுக்கும். காலம் ஆகி வெடித்தால் சிலைக்குச் சேதமில்லாமல் எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்தலாம். இன்றைய பாதுகாப்புத் துறையின் முதல் விதி, இன்று செய்ததை நாளை வருபவர் பிரித்தெடுக்க முடிய வேண்டும் என்பது. அதற்காகவே அசிட்டோனில் கரையும் பிசின்களை ஆய்வகங்களில் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த விதியைக் கருவறைக்குள் கடைப்பிடித்துவிட்டு, வெளிச்சுவரில் சிமென்டைக் குழைத்துப் பூசுகிறோம்.

கோயிலிலிருந்து, சுடுமண் வேலை நடக்கும் கணுவாப்பேட்டைக்கு ஆட்டோ. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இந்த மண்ணின் கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு வீட்டு வாசலில் அய்யனார் குதிரைகள் காய்ந்துகொண்டிருந்தன. கால், உடல், கழுத்து, தலை எனத் தனித்தனியாக வனைந்து ஒட்டுகிறார்கள். கிராமத்து எல்லையில் நேர்ந்துகொண்டு நிறுத்திய பழைய குதிரைகளைச் சரிசெய்து காப்பாற்ற முடியுமா என்று நான் கேட்டேன். வேலையில் இருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

"அத எதுக்குப்பா காப்பாத்தணும்? உடைஞ்சா மண்ணோட மண்ணா போவும். அடுத்த வருசம் புதுசு வைப்பாங்க. புதுசு வச்சாத்தான எங்க வீட்ல அடுப்பு எரியும்?"

இவர் உடனே நோட்டைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். பொருளைக் காப்பதா, பொருளைச் செய்யும் கையைக் காப்பதா என்பது இந்தத் தொழிலில் பழைய சண்டை. ஐரோப்பாவில் பொருள்தான் முதல். அதன் மூலத்தன்மை கெடக் கூடாது என்று 1964இல் வெனிஸ் சாசனம் எழுதினார்கள். சப்பானில் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். அவர்களுக்கு அந்தத் தச்சு வித்தை தொடர்வதுதான் முதல். அய்யனார் குதிரை இசே வழி. பாகூர்க் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டு வெனிஸ் வழி. அது போனால் இன்னொருவர் வெட்டித் தர முடியாது. எது எந்த வழி என்று பிரித்தறிவதற்கு வேதியியல் மட்டும் போதாது, வாசலில் உட்கார்ந்து கேட்கவும் வேண்டும். பெரியவரின் குதிரையை அருங்காட்சியகத்துக்காகப் பிசினில் தோய்த்து வைப்பதைவிட, நல்ல களிமண் அவருக்கு எங்கிருந்து வருகிறது, இனியும் வருமா என்று பார்ப்பது பெரிய பாதுகாப்பு வேலை. அவர் பேரன் வில்லியனூரில் ஐ.டி.ஐ. படிக்கிறானாம், மாலையில் வந்து சக்கரத்தில் உட்காருகிறானாம்.

அங்கிருந்து சங்கராபரணியை ஒட்டித் தெற்கே. திருக்காஞ்சியில் படித்துறையில் திதி கொடுக்க வந்த கூட்டம். கீழூரில் நினைவு மண்டபத்தருகே கொஞ்சம் நின்றோம். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்த இடம். 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். ஒரு நாட்டின் வரைபடம் மாறிய இடம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்; சுற்றிலும் கரும்பும் நெல்லும்தான்.

அடுத்து நாங்கள் போன ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சிறிய அம்மன் கோயில், செப்புத் திருமேனி ஒன்று, இரும்புக் கம்பிக் கதவு ஒன்று. இப்படிப்பட்ட ஊர்களின் பெயரை எழுதாமல் இருப்பதும் பாதுகாப்பில் சேர்த்திதான். பிரெஞ்சு ஆட்சியில் குளம் தூர்வாரும்போது மண்ணிலிருந்து கிடைத்த அம்மன் என்று ஊரில் சொல்கிறார்கள். குருக்கள் எழுபதைத் தாண்டியவர்.

"வாம்மா, போன தடவையே வர்றேன்னு சொன்னியே" என்று திரையை விலக்கினார்.

டார்ச் ஒளியில் அம்மனின் முகம் பளபளத்தது. மூக்கும் உதடும் தேய்ந்து, முகம் ஒரு சாயலாக மட்டும் மிஞ்சியிருந்தது. இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பீடத்தின் தாமரை இதழ்களின் மடிப்புகளுக்குள் பார்த்தார். ஓரிடத்தில் வெளிர்பச்சையாக, பவுடர் தூவினாற்போல் பொட்டுப் பொட்டாக இருந்தது. மூங்கில் குச்சியின் நுனியால் தொட்டார். உதிர்ந்தது.

செம்பில் பச்சை நிறம் இருப்பது எப்போதும் கேடில்லை. கரும்பச்சையாக, வழவழப்பாகப் படிந்த களிம்பு செம்புக்குக் கவசம். வெளிர்பச்சைப் பொடி வேறு. மண்ணில் கிடந்த காலத்தில் குளோரைடு உப்பு உலோகத்துக்குள் இறங்கிச் செம்போடு சேர்ந்து ஒரு குளோரைடாக உள்ளேயே தூங்கும். காற்றின் ஈரமும் ஆக்சிசனும் பட்டால் விழித்துக்கொள்ளும். பச்சைப் பொடியாக மாறும்போது அமிலத்தை வெளிவிடும்; அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகும். வட்டம் முடியாது. ஆங்கிலேயர் இதை வெண்கல நோய் என்றார்கள். கடலோரத்துக் காற்றில் இந்த நோய்க்குப் பஞ்சமே இல்லை.

தமிழ்நாட்டில் இந்த நோயோடு முதலில் முறையாக மல்லுக்கு நின்றவர் எஸ். பரமசிவன். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது. அப்போது கண்காணிப்பாளராக இருந்தவர் எஃப். எச். கிரேவ்லி. மண்ணிலிருந்து தோண்டியெடுத்த செப்புத் திருமேனிகள் புதையல் சட்டப்படி வந்து குவிந்தன. குவிந்தவை பச்சைப் பொடியாக உதிர்ந்தன. மின்பகுப்பு முறையில் குளோரைடை வெளியேற்றிப் பரமசிவன் அவற்றைத் தேற்றினார். பிறகு சித்தன்னவாசலுக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் போய் ஓவியப் பூச்சின் துணுக்குகளைச் சோதித்து, சோழர்கள் ஈரச் சுண்ணாம்பில் வண்ணம் தீட்டினார்கள் என்று நிறுவினார். இன்று எழும்பூரில் அந்த அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் நின்று திருவெண்காட்டு அர்த்தநாரியைப் பார்த்து உருகுகிறவர்களில் எத்தனை பேருக்குப் பரமசிவன் பெயர் தெரியும்? பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டிய பெயர் அது.

அருங்காட்சியகமாக இருந்தால் அம்மனை வாரக்கணக்கில் சோடியம் செஸ்கியுகார்பனேட் கரைசலில் ஊறப்போட்டு, கரைசலை மாற்றி மாற்றிக் குளோரைடு தீரும்வரை காத்திருப்பார்கள். பிறகு பென்சோட்ரையசோல் கொடுத்து, மெல்லிய பிசின் பூசி, ஈரப்பதத்தை நாற்பது சதவீதத்துக்குக் கீழே வைத்த கண்ணாடிப் பெட்டியில் அமர்த்துவார்கள். இந்த அம்மனை எப்படிப் பெட்டியில் அமர்த்துவது? வெள்ளிக்கிழமை அபிடேகம், ஆடியில் வீதியுலா, ஊரில் யார் வீட்டில் கல்யாணமானாலும் முதல் பத்திரிகை இவளுக்கு. பூசையை நிறுத்தச் சொல்கிற பாதுகாப்பாளரை ஊர் உள்ளே விடாது. விடவும் கூடாது என்பது என் எண்ணம்.

"குருக்களய்யா, புளி போட்டுத் தேய்க்கிறீங்களா?"

"புளி போடாம எப்படிம்மா? மங்கிப்போனா ஊர்க்காரங்க என்னத்தான கேப்பாங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து புளியும் விபூதியும்தான்."

"அப்பா காலத்துல மூக்கு இருந்துதா?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. இருந்தது, தன் சிறுவயதில் மூக்குத்தி போட்ட அடையாளம்கூடத் தெரிந்தது என்று பிறகு சொன்னார். புளியின் அமிலம் கவசக் களிம்பைக் கரைக்கிறது, விபூதியின் துகள் உலோகத்தைத் தேய்க்கிறது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கண்ணுக்குத் தெரியாத அளவு அம்மன் குறைகிறாள் என்று இவர் விளக்கினார். கேட்கிறவர் மனம் நோகாமல் விளக்கினார். அபிடேகத்துக்கு எந்தத் தண்ணீர் என்று அடுத்த கேள்வி. போர்வெல் தண்ணீர். குடத்திலிருந்து கொஞ்சம் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்புக் கரித்தது. கடலோரப் போர்வெல்களில் உப்பேறிவருவது இந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்த துயரம். நெல்லைக் கருக்கும் அதே உப்பு அம்மனுக்கும் வாராவாரம் போய்க்கொண்டிருக்கிறது.

பூசையில் எதையும் நிறுத்தாமல் என்ன செய்யலாம் என்று இருவரும் பேசி முடிவுக்கு வந்தார்கள். அபிடேகம் முடிந்ததும் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் அல்லது நல்ல தண்ணீரால் கழுவுவது. பஞ்சும் பழைய வேட்டித் துணியும் கொண்டு மடிப்பெல்லாம் ஒற்றியெடுத்து, காய்ந்த பிறகே அலங்காரம். சந்தனத்தையும் பாலையும் இடுக்கில் தங்கவிடாமல் எடுத்துவிடுவது. புளி வேண்டாம். வெளிர்பச்சைப் பொட்டுகளை மட்டும் உருப்பெருக்கியின் கீழ்ச் சுரண்டி, வெள்ளி ஆக்சைடு வைத்து அடைக்கலாம். குளோரைடை அது பிடித்துக் கட்டிவிடும். சாமியின்மேல் கருவி படலாமா என்று நான் தயங்கியபோது குருக்களே பதில் சொன்னார். குடமுழுக்குக்கு முன் கலாகர்ஷணம் செய்து சக்தியைக் கும்பத்துக்கு மாற்றிவிடுவார்கள். பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னதியில் பூசை நடக்கும். அந்த நாட்களில் திருமேனியைப் பழுதுபார்க்க ஆகமத்தில் இடமுண்டு. அடுத்த ஆண்டு திருப்பணி. ஸ்தபதியையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்துப் பேசி, வேலை தொடங்கும் முன்பே இவரைக் கூப்பிடுவதாகச் சொன்னார். பாதுகாப்பாளரை முன்கூட்டி அழைக்கும் ஒரு கோயிலை அன்று நான் பார்த்தேன்.

கிளம்பும் முன் அம்மனை எல்லாப் பக்கத்திலிருந்தும் படமெடுத்தார். உயரம், அகலம், பீடத்தில் உள்ள கீறல், இடது கை விரலின் உடைவு எல்லாம் நோட்டில் ஏறின. இதன் அருமை புதுச்சேரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிய வேண்டும். ழான் ஃபிலியோசா 1955இல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டிலிருந்து தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுக்கத் தொடங்கியது. செயின்ட் லூயிஸ் வீதிக் கட்டடத்தில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அங்கும் பிரெஞ்சுக் கீழைக்கலைப் பள்ளியிலும் உள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது அந்தக் கோயிலுக்குரியதுதான் என்று காட்டியது இந்த நிறுவனத்தின் பழைய புகைப்படம். 2014 செப்டம்பரில் நடராசர் திரும்பிவந்தார். விற்ற சுபாஷ் கபூருக்கு 2022இல் வேறொரு கோயிலின் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. கோயில் கோயிலாக அலைந்து படமெடுத்தவர்கள் திருட்டை நினைத்து எடுக்கவில்லை. இருப்பதை இருந்தபடி பதிந்தார்கள், அவ்வளவுதான்.

பாகூருக்குப் போகும்போது வெயில் சாய்ந்திருந்தது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று இந்தப் பகுதியைச் சொல்வார்கள். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் பாகூர் ஏரிக்கு வருகிறது. அதே தென்பெண்ணை 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊருக்குள் வந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அதையடுத்துச் சாத்தனூர் அணைத் தண்ணீரும் வந்து சேர, பாகூர்க் கொம்யூனின் ஆற்றோர ஊர்கள் மூழ்கின. இவர் உறவினர் வீட்டில் பரண்மேல் வைத்திருந்த வைத்தியச் சுவடிக் கட்டு தப்பியது. பெட்டிக்குள் இருந்த நிலப்பத்திரங்களும் கல்யாணப் புகைப்படங்களும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. நனைந்த காகிதத்தை வெயிலில் போடாதீர்கள், நிழலில் காற்றோட்டமாக விரியுங்கள், ஒட்டியதைப் பிய்க்காதீர்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனதாகச் சொன்னார். 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு ஃபிளாரன்ஸ் நகருக்குள் புகுந்தபோது சேற்றிலிருந்து நூல்களையும் ஓவியங்களையும் மீட்க உலகெங்குமிருந்து இளைஞர்கள் போனார்கள். இன்றைய காகிதப் பாதுகாப்பு முறைகளில் பல அந்தச் சேற்றில் கற்றவை. பாகூருக்கு அப்படி யாரும் வரவில்லை. இங்கே பிறந்து இந்த வேலையைப் படித்த ஒருத்தி இருந்தாள்.

மூலநாதர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. சிறிய, அடக்கமான கற்றளி. அதிட்டானத்தில் உள்ளங்கை அளவுச் சிற்பங்களில் பெண்கள் ஆடுகிறார்கள். குனிந்து பார்க்காதவர்களுக்குத் தெரியாது. சுவர் முழுக்க எழுத்து. சோழர்கள் மட்டுமில்லை, அவர்களைத் தக்கோலத்தில் தோற்கடித்த இராட்டிரகூடன் மூன்றாம் கிருட்டிணனும் கன்னரதேவன் என்ற பெயரில் இங்கே இருக்கிறான். ஊர் அப்போது வாகூர். அதற்கும் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் தன் எட்டாம் ஆட்சியாண்டில் இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்தான். அதைச் சொல்லும் பாகூர்ச் செப்பேடுகள், வளையத்தில் கோத்த ஐந்து ஏடுகள், 1879இல் கிடைத்தன. இந்த வயல்களுக்கு நடுவே ஆசிரியர்களும் மாணவர்களும் இருந்தார்கள், அவர்கள் சோற்றுக்கு மூன்று ஊர் விளைச்சல் போனது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இந்த எழுத்துகளை உலகம் படிக்கக் கூடியதாக்கியவர் பாகூர்க்காரர் ஒருவர். பாகூர் சு. குப்புசாமி புதுச்சேரிக் கல்வெட்டுகளைத் தேடித் தேடித் தொகுத்தார். ஜி. விஜயவேணுகோபால் பதிப்பிக்க, 2006இல் அவை நூலாக வந்தன. கல்வெட்டைப் படியெடுக்கும் முறை எளியது, பொறுமைதான் வேண்டும். கல்லைத் தண்ணீரால் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். பிறகு மையொத்தினால் மேடு கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். கல்லுக்கு ஒரு கீறலும் இல்லை. மணல் பீய்ச்சி எழுத்து அழிந்த எத்தனையோ கோயில்களில், யாரோ முன்பு எடுத்துவைத்த மைப்படிதான் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி.

திருச்சுற்றில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்களும் ஒரு பையனும் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவர் உருப்பெருக்கியோடு குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்கள்.

"அக்கா, நீங்க டாக்டரா?"

கல்லுக்கும் செம்புக்கும் டாக்டர் என்றார் இவர். கண்ணாடியை அவர்களிடம் கொடுத்தார். ஆடற்பெண்ணின் கால் சலங்கையில் ஒட்டியிருந்த பாசியைப் பார்த்ததும் மூவருக்கும் கேள்விகள் கிளம்பின. இதைச் சுரண்டக் கூடாதா? எண்ணெய் ஊற்றுவது யார்? இதற்குச் சம்பளம் உண்டா? உண்டு என்று சொல்லி, தொல்லியல் துறையில் வேதியியலுக்கென்றே அறிவியல் பிரிவு இருக்கிறது, 1917இல் தொடங்கியது என்றார். லக்னோவில் 1976 முதல் தேசியப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது; சென்னை அருங்காட்சியகத்தில் பரமசிவன் வேலை பார்த்த பிரிவு இருக்கிறது; இன்டாக் என்ற மரபுக் காப்பு அமைப்பு நடத்தும் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. வேலையிடங்கள் குறைவு, ஒப்பந்த வேலைதான் பெரும்பாலும், சில ஆண்டுகள் கஷ்டப்பட வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அப்பாவுக்கு இன்னும் தன் வேலை என்னவென்று முழுதாகப் புரியவில்லை, ஆனால் ஊரில் யார் வீட்டில் பழைய சுவடி கிடைத்தாலும் அவர்தான் முதலில் போன் செய்கிறார் என்றார்.

இரட்டைச் சடைப் பெண் விடவில்லை.

"எனக்கு ஹிஸ்டரிதான்கா பிடிக்கும். கெமிஸ்ட்ரி வராது."

"ரெண்டும் வேணும்டி. கெமிஸ்ட்ரி வரலன்னா இப்பலேர்ந்து படி, பிளஸ் ஒன்ல சயின்ஸ் குரூப் எடு. டிகிரிக்கு வேதியியல் எடுத்துட்டா மத்தத அப்புறம் பாத்துக்கலாம். கூடவே வரைய கத்துக்க, கை நடுங்கக் கூடாது. வட்டெழுத்தும் கிரந்தமும் வேணும்னா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, எனக்குத் தெரிஞ்சத சொல்லித் தரேன்."

வீடு எங்கே என்று பையன் கேட்டான். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து வழி வரைந்து கொடுத்தார். மூன்று பேரின் பெயரையும் வகுப்பையும் எழுதி வாங்கிக்கொண்டு, வரும்போது ஆளுக்கொரு பென்சிலும் அளவுகோலும் எடுத்துவரச் சொன்னார்.